பால்கோவா போகுது, நெறிகட்டி போகாதா?

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் தெருவில் கைத்தறி நெய்கிற அண்ணாச்சி ஒருவர் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ இந்தப் படிப்புதானே படிக்கிறே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார். அவர் மகனின் கழுத்திலிருந்து எடுத்த நெறிகட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட். ஒரே பக்கம், எல்லாம் ஆங்கிலம். நடுவில் தடித்த எழுத்தில் "மாலிக்னன்ட் ரவுண்ட் செல் டியூமர்". கடைசி வரியில், சின்ன எழுத்தில், "அட்வைஸ்: ஐ.ஹெச்.சி."

நடு வரியைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அது புற்றுநோய் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் கேட்டது கடைசி வரியைப் பற்றி. "இது மருந்தா தம்பி, இல்ல வேற ஆஸ்பத்திரி பேரா?"

நான் பயோடெக்னாலஜி மூன்றாம் வருஷம். இம்யூனாலஜி பரீட்சையில் 'செல் மார்க்கர் பற்றிச் சிறுகுறிப்பு வரைக' என்ற ஐந்து மார்க் கேள்விக்கு அம்புக்குறி எல்லாம் போட்டுப் படம் வரைந்து ஐந்தும் வாங்கியவன். அன்றைக்கு அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏதோ டெஸ்ட் மாதிரி இருக்கு அண்ணாச்சி, டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க." அவர் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பதினேழு நாள் அந்தப் பேப்பர் மஞ்சள் பையில் மடித்தபடியே கிடந்தது.

அந்தப் பதினேழு நாளில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி வரி என்ன, அது ஏன் கடைசி வரியாக இருக்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

முதலில் நெறிகட்டி. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும், பல் வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். நம் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் அது அப்படித்தான், தானாக அமுங்கிவிடும். அமுங்காமல் வாரக்கணக்கில் இருந்தால் நம் ஊர் டாக்டர்கள் அடுத்து நினைப்பது டி.பி. அதிலும் தப்பில்லை. கழுத்து நெறிகட்டி டி.பி. இந்தியாவில் அவ்வளவு சகஜம். தப்பு எங்கே வருகிறதென்றால், டி.பி. என்று நினைத்ததை நிரூபிக்காமலே மாசக்கணக்கில் மாத்திரை கொடுத்துப் பார்ப்பதில். அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பையனுக்கு நெறிகட்டி மட்டும் இல்லை. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான். காலையில் முகம் உப்பியிருக்கும், பத்து மணிக்கு வடிந்துவிடும். 'சளி கட்டியிருக்கு' என்றார்கள். நெஞ்சு எலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி வளர்ந்து, தலையிலிருந்து இறங்கும் ரத்தக்குழாயை அமுக்கினால் முகம் அப்படித்தான் உப்பும் என்று இப்போது தெரிகிறது. அந்த எலும்புக்குப் பின்னால் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது? தைமஸ் சுரப்பி. இந்தக் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தைமஸ் ஒரு பள்ளிக்கூடம். எலும்பு மஜ்ஜையில் பிறந்த சில செல்கள் அங்கே போய்ப் படித்து டி-செல் ஆகி வெளியே வருகின்றன. தைமஸ் என்பதன் முதலெழுத்துதான் அந்த டி. (பி-செல்லின் பி கோழியிலிருந்து வந்தது. கோழியின் வால்பக்கம் இருக்கும் 'பர்சா' என்ற உறுப்பில் அதை முதலில் கண்டுபிடித்தார்கள்.) தைமஸ் கண்டிப்பான பள்ளி. உள்ளே போகிறவர்களில் 100க்கு 95க்கு மேல் ஃபெயில், ஃபெயில் என்றால் சாவு. நம் செமஸ்டர் ரிசல்ட் எவ்வளவோ தேவலை.

ஒவ்வொரு வகுப்புக்கும் தனி யூனிஃபார்ம் உண்டு. செல்லின் மேல்தோலிலும் உள்ளேயும் இருக்கிற புரதங்கள்தான் யூனிஃபார்ம். அவற்றுக்கு சிடி 1, சிடி 2 என்று நம்பர் வைத்திருக்கிறார்கள். இந்த நம்பர் போடும் வழக்கம் 1982ல் பாரிஸில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது, இப்போது முந்நூற்றைத் தாண்டிவிட்டது. தைமஸில் புதிதாகச் சேர்ந்த செல்லில் சிடி 7 இருக்கும், சிடி 3 வெளியே தெரியாது, உள்ளுக்குள் ஒளிந்திருக்கும். நடு வகுப்பில் சிடி 1ஏ வரும், சிடி 4, சிடி 8 இரண்டும் ஒன்றாக இருக்கும். பாஸாகி வெளியே போகும்போது சிடி 4 அல்லது சிடி 8, ஏதாவது ஒன்றுதான். சிடி 3 மேல்தோலுக்கு வந்திருக்கும். டி.டி.டி. என்று ஒரு என்சைம் உண்டு. அது படித்துக்கொண்டிருக்கிறவர்களிடம்தான் இருக்கும், பாஸானவர்களிடம் இருக்காது.

புற்றுநோய் வரும்போது ஒரு செல் ஏதோ ஒரு வகுப்பில் உறைந்து நின்று, அங்கேயே பெருக ஆரம்பிக்கிறது. ஆகவே யூனிஃபார்மைப் பார்த்தால் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று சொல்லிவிடலாம். இதுதான் மார்க்கர் பரிசோதனை.

'மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரியாதா?' தெரியாது என்பதுதான் விஷயம். ஆடிப்பூரத் தேருக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்களை மாடியிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? எது நம்ம சித்தப்பா, எது அசலூர்க்காரர் என்று சொல்ல முடியுமா? குழந்தைகளின் பல புற்றுநோய்கள் அப்படித்தான் இருக்கும். சின்னதாக, உருண்டையாக, சாயம் போட்டால் நீலமாக. லிம்போமா, எலும்பில் வரும் யூயிங் சார்கோமா, நரம்பில் வரும் நியூரோபிளாஸ்டோமா எல்லாம் மொட்டைத் தலைகள். 'ரவுண்ட் செல் டியூமர்' என்று அந்த ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது நேர்மையான வாக்கியம். மொட்டை என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை, சட்டையைப் பாருங்கள் என்று அர்த்தம். சட்டையைப் பார்ப்பதற்குப் பேர்தான் ஐ.ஹெச்.சி. கட்டியை மெல்லிய சீவலாகச் சீவி, ஒவ்வொரு மார்க்கருக்கும் உரிய ஆன்டிபாடியை ஒட்டவைத்து, பழுப்பு நிறம் வருகிறதா என்று பார்ப்பது. இதன் அண்ணன் ஃப்ளோ சைட்டோமெட்ரி. உயிரோடு இருக்கும் செல்களில் ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளை ஒட்டி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணும் மெஷின்.

இதெல்லாம் ரொம்ப ஹைடெக் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் டி வகை என்று ஒன்று இருப்பதை 1970களில் கண்டுபிடித்தது ஆட்டு ரத்தத்தை வைத்து. டி-செல்லோடு செம்மறியாட்டின் சிவப்பணுவைக் கலந்தால், அவை சுற்றிலும் வந்து ஒட்டிக்கொண்டு ரோஜாப்பூ மாதிரி நிற்கும். ரோஜா பூத்தால் டி. அந்த ஒட்டும் இடத்துக்குத்தான் பின்னாளில் சிடி 2 என்று பேர் வைத்தார்கள். 1975ல் கேம்பிரிட்ஜில் கோஹ்லரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டுமட்டும் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள், 1984ல் நோபல் வாங்கினார்கள். அதற்குப் பேட்டன்ட் எடுக்கவில்லை. இன்றைக்கு ஊரூராக லேப் வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்த இரண்டு பேருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

'எந்த வகையாக இருந்தால் என்ன, கீமோதானே கொடுக்கப் போகிறார்கள்?' இதை என் வகுப்பிலேயே ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. குழந்தைகளுக்கு வரும் டி லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவுக்கு லுகீமியாவுக்குக் கொடுப்பது மாதிரி சுமார் இரண்டு வருஷம் நீளும் வைத்தியம். பர்கிட் லிம்போமா என்று இன்னொன்று. அது பி வகை, அதற்குச் சில மாசங்களே, ஆனால் சூறாவளி மாதிரி மருந்து. முதலாவதற்கு இரண்டாவதின் வைத்தியத்தைக் கொடுத்தால் நோய் அடங்கின மாதிரி அடங்கி மறுபடி கிளம்பும். அனாபிளாஸ்டிக் என்று மூன்றாவது ஒன்று, அதுவும் பெரும்பாலும் டி-செல்தான், ஆனால் தைமஸில் படித்துக்கொண்டிருந்ததல்ல, பாஸாகி வெளியே வந்தது. அதற்கு சிடி 30, ஏ.எல்.கே. என்று வேறு சட்டை, வேறு வைத்தியம். அந்த ஏ.எல்.கே.யையே குறிவைக்கும் கிரிசோடினிப் என்ற மாத்திரையை, நோய் திரும்பி வந்த குழந்தைகளுக்குக் கொடுக்க 2021ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மார்க்கரே மருந்தின் முகவரியாகவும் ஆகிவிட்ட காலம் இது.

சரியான வகை என்று கண்டுபிடித்து சரியான வைத்தியம் கொடுத்தால் என்ன ஆகும்? ஜெர்மனியில் பி.எஃப்.எம். குழுவினர் 1990களில் டி லிம்போபிளாஸ்டிக் லிம்போமா குழந்தைகளுக்கு லுகீமியா பாணி வைத்தியம் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100க்கு 90 பேர். இதே நோய் ஒருதடவை போய்த் திரும்பி வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். முதல் தடவையே சரியாக அடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

ஒரே ஒரு மார்க்கரை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதும் ஆபத்துதான். சிடி 99 என்று ஒன்று, யூயிங் சார்கோமாவுக்குப் பேர்போனது. ஆனால் லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவிலும் அது வரும். காசு மிச்சம் என்று அது ஒன்றை மட்டும் செய்து பார்த்தால், லிம்போமாக் குழந்தைக்கு எலும்புப் புற்றுநோய் என்று எழுதி வைக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு சங்கடம், தைமஸில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் நல்ல பிள்ளைகளும் அதே யூனிஃபார்ம்தான் போட்டிருக்கும். நெஞ்சுக்கட்டியிலிருந்து எடுத்ததில் சிடி 4, சிடி 8 இரண்டும் இருக்கிறது, டி.டி.டி. இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் அது நல்ல தைமஸாகவும் இருக்கலாம். எல்லா வகுப்பும் கலந்து இருந்தால் பள்ளிக்கூடம், ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஆயிரம் பேர் நின்றால் கலவரம். ஆகவே மார்க்கர் என்பது ஒரு சீட்டு அல்ல, சீட்டுக்கட்டு. அதைப் படிக்கத் தெரிந்த பேத்தாலஜிஸ்ட் வேண்டும். 2009ல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரிக்காரர்கள், தைமஸுக்குள் நுழைந்த உடனேயே உறைந்துபோன ஒரு தனி வகையைப் பிரித்துக் காட்டினார்கள். சிடி 1ஏ இல்லை, சிடி 8 இல்லை, சிடி 5 மங்கல், கூடவே ஸ்டெம்செல்லின் சட்டை ஒன்று. இப்படிப்பட்ட மங்கலை எல்லாம் சீட்டுக்கட்டு முழுசாக இருந்தால்தான் பார்க்க முடியும்.

இதையெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். இந்தக் கதையில் நம் சென்னைக்கு ஒரு நல்ல அத்தியாயம் இருக்கிறது, நம் பாடப்புத்தகத்தில் அது இல்லை என்பது வேறு விஷயம்.

1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று ஆரம்பித்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை எல்லோருக்கும் தெரியும். டாக்டர் சாந்தாவையும் தெரியும், 2021 ஜனவரியில் காலமானார். 1984ல் அந்த ஆஸ்பத்திரியும் மும்பை டாடாவும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து, அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இயான் மெக்ராத் என்பவரோடு பேசி, எம்.சி.பி. 841 என்று ஒரே வைத்திய முறையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் தாங்கக்கூடிய மருந்துகளில். அதற்கு முன் குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் லுகீமியாவில், பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே, நோய் திரும்பாமல் பிழைத்தவர்கள் 100க்கு 20க்கும் குறைவு. இது வந்த பிறகு நாலு வருஷக் கணக்கில் 45 முதல் 60 வரை ஏறியது.

அதோடு நிற்கவில்லை. அடையாறில் வந்த குழந்தைகளுக்கு மார்க்கர் பார்த்துப் பதிந்துகொண்டே வந்தார்கள். 1989 முதல் 2009 வரை, இருபது வருஷம். மேற்கத்திய நாடுகளில் குழந்தை லுகீமியாவில் டி வகை கொஞ்சம்தான், ஏழில் ஒன்று அந்த மாதிரி. சென்னையில் ஆரம்பத்தில் அது மிக அதிகமாக இருந்தது. வருஷம் ஏற ஏற டி குறைந்தது, பி ஏறியது. லண்டனில் மெல் கிரீவ்ஸ் என்ற விஞ்ஞானி 1988லிருந்து ஒரு கருத்தைச் சொல்லி வந்தார். வசதி பெருகி, வீடு சுத்தமாகி, குழந்தைகளுக்கு ஆரம்ப வயதில் தொற்றுகள் வருவது தள்ளிப்போனால், இரண்டு முதல் ஐந்து வயதில் வரும் பி வகை லுகீமியா கூடும் என்று. சென்னையின் இருபது வருஷ ஏடு அதோடு ஒத்துப்போகிறது. (முன்னே வராத வீட்டுக் குழந்தைகள் பின்னே ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.) எப்படியோ, ஒரு ஊர் மாறியதை அந்த ஊர்க் குழந்தைகளின் செல்லே சொல்லியிருக்கிறது. 1989ல், கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. ரூமில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய காலத்தில், இதைச் செய்திருக்கிறார்கள்.

இது லுகீமியா கணக்குதானே, லிம்போமாவுக்கு என்ன சம்பந்தம்? டி வகையில் இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். உலக சுகாதார நிறுவனமே இரண்டையும் ஒரே பேரில்தான் வைத்திருக்கிறது. கட்டியாக நின்று, மஜ்ஜையில் நோய்ச்செல் 100க்கு 25க்குக் கீழே இருந்தால் லிம்போமா, மேலே போனால் லுகீமியா. அந்தக் கோடு மனுஷன் போட்டது. 2009ல் அமெரிக்காவில் டி லிம்போமா வந்த 99 குழந்தைகளின் மஜ்ஜையை ஃப்ளோ மெஷினில் பார்த்தார்கள். 71 பேரிடம் நோய்ச்செல் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜை சுத்தம் என்று தெரிந்திருக்கிறது. அப்படி ஒளிந்திருந்தது அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு நோய் திரும்புவதும் அதிகம்.

இப்போது, பிறகு வருகிறேன் என்று சொன்ன அந்தப் பெரிய தப்பு. ஸ்டீராய்டு.

பையனுக்கு மூச்சு முட்டியபோது ஒரு கிளினிக்கில் சளி மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுத்திருக்கிறார்கள். என்ன அதிசயம், மூன்றே நாளில் நெறிகட்டி பாதியாகிவிட்டது, பையன் படுத்துத் தூங்கினான். வீட்டில் சதுரகிரிக்கு நேர்ந்துகொண்டார்கள். மருந்தை நிறுத்திய மூன்றாம் வாரம் முன்னைவிடப் பெரிசாக வந்து நின்றது. விஷயம் என்னவென்றால், ஸ்டீராய்டு இந்த நோய்க்கு உண்மையிலேயே மருந்து. முறையான வைத்தியத்தின் முதல் வாரமே பெரும்பாலும் அதுதான். அதனால்தான் அது ஆபத்து. நோய் என்னவென்று தெரியாமல் கொடுத்தால் செல்கள் செத்து உருக்குலைந்து போகும். அந்த நேரம் பயாப்ஸி எடுத்தால் ஒன்றும் தெரியாது. மிச்சம் பிழைத்தவை மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மளமளவென்று செத்த செல்களின் கழிவு சிறுநீரகத்தையே அடைத்துவிடவும் கூடும். உயிர் போகிற அளவுக்கு மூச்சு அடைத்தால் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும், அதைக் குற்றம் சொல்லவில்லை. எக்ஸ்ரே கூட எடுக்காமல் கொடுத்ததைத்தான் சொல்கிறேன். கழுத்தில் நெறிகட்டி, படுத்தால் மூச்சுத்திணறல், காலையில் முக வீக்கம், இந்த மூன்றும் ஒரு குழந்தைக்கு இருந்தால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க எவ்வளவு செலவாகும்? ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் எக்ஸ்ரே இல்லாத தெரு உண்டா?

அடுத்தது ஃபார்மலின். அறுத்து எடுத்த நெறிகட்டியை முழுசாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டார்கள். போட்டவுடன் செல் செத்துவிடும், ஃப்ளோ பார்க்க முடியாது. அதற்காக எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. ஃபார்மலினில் போட்டதை மெழுகில் பதித்து பிளாக் செய்து வைத்திருப்பார்கள். அதில் ஐ.ஹெச்.சி. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அந்த மெழுகுக் கட்டி தீப்பெட்டி அளவுகூட இருக்காது, கூரியரில் போகும். அதைக் கேட்டு வாங்கலாம் என்று அண்ணாச்சிக்கு யாரும் சொல்லவில்லை. படித்த நானும் சொல்லவில்லை. நெறிகட்டியை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஃபார்மலினிலும், மறு பாதியை உப்புத்தண்ணீரில் நனைத்த காஸ் துணியிலோ, லேபில் கொடுக்கும் திரவத்திலோ வைத்தால் இரண்டு டெஸ்டும் பார்க்கலாம். காஸ் துணிக்கும் நமக்கும் பஞ்சமா? ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணிதான் எங்கெங்கோ உள்ள ஆபரேஷன் தியேட்டருக்கெல்லாம் போகிறது.

'எல்லா ஊரிலும் அந்த மெஷின் வைக்க முடியுமா?' வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மாவட்டத்துக்கு ஒரு மெஷின் வாங்கி, ரிப்பன் வெட்டி, ஆன்டிபாடி வாங்கக் காசில்லாமல், படிக்க ஆளில்லாமல் உறை போட்டு மூடி வைப்பதில் என்ன லாபம்? மாசத்துக்கு இரண்டு கேஸ் பார்ப்பவர் சொல்வதைவிட தினம் பத்து கேஸ் பார்ப்பவர் சொல்வதே சரியாக இருக்கும். 2022ல் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, சந்தோஷம். அங்கே வேண்டியது மெஷின் இல்லை. சாம்பிளை ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகப் பிரித்து, அன்றைக்கே அனுப்பி வைக்க ஒரு மேஜை, ஒரு ஆள், ஒரு போன் நம்பர்.

உயிருள்ள செல் ஒரு நாள், தப்பினால் இரண்டு நாள் தாங்கும், உறைந்துபோகாமலும் வெந்துபோகாமலும் பார்த்துக்கொண்டால். பொதிகை எக்ஸ்பிரஸ் சாயங்காலம் செங்கோட்டையில் கிளம்பி, ராத்திரி நம்ம ஸ்டேஷனில் நின்று, விடிந்தால் சென்னை. அந்த ரயிலில் தினமும் எத்தனை கிலோ பால்கோவா ஏறுகிறது? 2019ல் அதற்குப் புவிசார் குறியீடு வேறு வாங்கியாயிற்று. அட்டைப்பெட்டி, பட்டர் பேப்பர், சணல் கயிறு, மேலே விலாசம். கெடாமல் போய்ச் சேருகிறது. சுண்டுவிரல் அளவுக் குப்பி போகாதா? முடியாதென்று சொல்கிறவர்கள் யாரும் முயற்சி பண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காசு? மார்க்கர் டெஸ்டுக்குச் சில ஆயிரங்கள் ஆகும். கூலிக்கு நெய்கிறவருக்கு அது பெரிய தொகை, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தப்பான வைத்தியத்தின் ஒரு வாரச் செலவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009ல் கலைஞர் காப்பீடும் 2012ல் முதலமைச்சர் விரிவான காப்பீடும் வந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்கு வைத்தியச் செலவு ஓரளவு குறைந்தது. நோய்க்குப் பேர் வைக்கும் வரைக்கும் ஆகும் செலவும் அலைச்சலும்தான் குடும்பத்தை முறிக்கிறது. அண்ணாச்சி ஒரு தறியை விற்றது கீமோவுக்கு இல்லை, அதற்கு முன்னால் நாலு இடம் அலைந்ததற்கு.

பதினெட்டாம் நாள் பையனுக்கு விலாவில் நீர் கோத்து மூச்சு ரொம்பவும் திணறியதும், கடன் வாங்கி சென்னைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் அவ்வளவு பெரிய கட்டி இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதே ஆபத்தாம். அதனால் கத்தியே வைக்கவில்லை. உட்கார வைத்து, மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, நுரையீரலைச் சுற்றியிருந்த நீரை எடுத்தார்கள். அந்த நீரிலேயே செல் மிதந்துகொண்டிருந்தது. ஃப்ளோ மெஷினில் ஓடவிட்டு, மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் கையில். சிடி 7 உண்டு, சிடி 3 உள்ளே உண்டு, சிடி 1ஏ உண்டு, சிடி 4, சிடி 8 இரண்டும் உண்டு, டி.டி.டி. உண்டு, சிடி 19 இல்லை. டி லிம்போபிளாஸ்டிக் லிம்போமா. பதினேழு நாள் மஞ்சள் பையில் கிடந்த கேள்விக்கு ஒன்றரை நாளில் பதில். அண்ணாச்சி அங்கிருந்து போன் போட்டு எனக்கு ஒவ்வொரு நம்பராக வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை நான் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

பையன் இப்போது ஊரில்தான் இருக்கிறான். முடி திரும்ப முளைத்துவிட்டது, தினம் மாத்திரை, மாசம் ஒருதடவை சென்னை. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. எதையும் இப்போதே சொல்லிவிட முடியாது. போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குத் தைமஸ் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன், சட்டை, வகுப்பு, ஃபெயில் எல்லாம். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப என் செல்லு எத்தனாவதுண்ணே?"

"நடு வகுப்புடா. அங்கேயே நின்னுக்கிட்டு பாஸும் ஆகல, ஃபெயிலும் ஆகல."

"ரெண்டு வருஷமா அத ஃபெயிலாக்கத்தான் மாத்திரையா?" என்றான். ஆமாம் என்றேன். "அதுக்கு எங்க கணக்கு சாரே போதுமேண்ணே" என்று சொல்லிவிட்டு, அவன் அப்பா கூப்பிட்டார் என்று எழுந்து போனான். ராத்திரி ரயிலுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். லேபில் இருக்கிறவர்களுக்கு என்று அரைக் கிலோ பால்கோவா மேலாக வைத்திருந்தார் அண்ணாச்சி.